செம்பும் வாளியும் வைத்துக் கையைச் சரியாகக் கழுவுவது எப்படி?

தாமிரபரணி பாய்கிற ஊர்தான். ஆனாலும் நம்ம பக்கத்தில் பல வீடுகளில் கை கழுவ முற்றத்தில் ஒரு வாளியும் செம்பும்தான். அதுவே போதும். வாளிக்குள் கையை விட்டு அலசுவதை மட்டும் நிறுத்த வேண்டும். ஒருவர் விட்ட அழுக்கில் அடுத்தவர் கழுவுவதாலும் வயிற்றுப்போக்கு, டைபாய்டு கிருமிகள் வீடு முழுக்கப் பரவுகின்றன.

1. செம்பில் மோந்து ஊற்றிக் கையை நனையுங்கள்.

2. சோப்புப் போடுங்கள். விலை கூடிய கிருமிநாசினி சோப்பு தேவையில்லை, சாதாரண சோப்பே எண்ணெய்ப் பிசுக்கோடு கிருமியையும் பெயர்த்துவிடும்.

3. குறைந்தது 20 விநாடி தேயுங்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லோரும் தேய்ப்பதுதான். விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனியும். நாம் சோறு பிசைவதே அந்த நுனியால்தானே! கட்டைவிரலை மறு கைக்குள் பிடித்துத் திருகுங்கள். ஐந்து நுனியையும் குவித்து, மறு உள்ளங்கையில் நகம் படத் தேயுங்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் அக்காமாருக்கு இது ரொம்ப முக்கியம். நகக்கண்ணில் தங்கும் புகையிலைத் தூள் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது வாய்க்குள் போய்விடும்.

4. இன்னொருவர் ஊற்றினால் நல்லது. தனியாக இருந்தால், செம்பைப் பிடிக்கும் இடத்தையும் சோப்புக் கையால் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். இல்லையென்றால் செம்பிலிருந்த அழுக்கு திரும்பக் கைக்கே வந்துவிடும்.

5. துவைத்த துண்டில் துடையுங்கள். முந்தானையில் வேண்டாம். ஈரக் கையில் கிருமி எளிதாக ஒட்டும்.

கழிப்பறை போய்வந்த பிறகு, பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன் கட்டாயம் கழுவ வேண்டும். சானிடைசர் பயணத்துக்குச் சரி. அழுக்குப் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது.

அப்புறம், பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் முன் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். பிரசவக் காய்ச்சலில் தாய்மார் சாவது வெகுவாகக் குறைந்தது. மருத்துவர் கைக்கே அப்படியென்றால், பஸ்ஸில் வந்து இறங்குகிற சொந்தக்காரர் கையை யோசித்துப் பாருங்கள். வாசலிலேயே வாளி, செம்பு, சோப்பு, துண்டு நாலையும் வைத்துவிட்டு, "கையைக் கழுவிட்டுப் பிள்ளையத் தூக்குங்க அத்தை" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.