பக்கம் சில நேரம் மட்டும் தாமதமாகத் திறக்கிறதா? வேர்ட்பிரஸ் பின்னணிப் பணிகளைச் சீரமைக்கும் முறை

ஒரே பக்கம் ஒருமுறை சட்டெனத் திறந்து, அடுத்த முறை பல விநாடிகள் இழுத்தடித்தால், படங்களின் அளவைக் குறைப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பெரிய படங்களால் வரும் தாமதம் பெரும்பாலும் எப்போதும் இருக்கும். விட்டுவிட்டு வரும் தாமதத்துக்குச் சர்வரில் நடக்கும் பின்னணிப் பணிகளைத்தான் (பேக்கப், திட்டமிட்ட பதிவை வெளியிடுதல் போன்று தானாக நடக்கும் வேலைகளை) முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். குரோமில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தைச் சில முறை ரீலோட் செய்யுங்கள். பட்டியலின் முதல் வரியைக் கிளிக் செய்தால், டைமிங் என்ற பிரிவில் சர்வரின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் தெரியும். அது ஒருமுறை 300 மில்லிவிநாடியாகவும் மறுமுறை 4 விநாடியாகவும் இருந்தால், திணறுவது சர்வர்தான். கேஷ் (விரைவாகக் காட்டுவதற்காகச் சேமித்து வைத்த பக்கப் பிரதி) காலாவதியாகும்போதும் இப்படி நேரும் என்பதால், அடுத்த படியையும் பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

வேர்ட்பிரஸ் கடிகாரம் பார்த்து இயங்குவதில்லை. யாரேனும் தளத்துக்கு வரும்போதுதான், நேரம் வந்துவிட்ட பணி ஏதாவது உண்டா என்று பார்த்து, இருந்தால் அந்தப் பணிகளை நடத்தும் டபிள்யூபி-கிரான் கோப்பைத் தனிக் கோரிக்கையாக இயக்குகிறது. அப்போது வந்தவர் அந்தப் பணி முடியும்வரை காத்திருப்பதில்லை. ஆனால் ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்டுள்ள நிரல்மொழி) செயல்களுக்கு வரம்பு உண்டு. பேக்கப் போன்ற கனமான பணி அதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு டேட்டாபேஸையும் அழுத்தும்போது, அடுத்து வருபவர்கள் வரிசையில் நிற்க நேர்கிறது. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

எந்தப் பணிகள் காத்திருக்கின்றன என்பதை டபிள்யூபி கிரான்ட்ரோல் (WP Crontrol) என்ற இலவச பிளகின் காட்டும். நீங்கள் எப்போதோ நீக்கிய பிளகின்கள் விட்டுச்சென்ற பணிகள் அதில் இருந்தால் அழித்துவிடலாம்.

இனி முக்கியமான மாற்றம்: பார்வையாளரின் வருகையை நம்பாமல், கடிகாரப்படி பணிகளை இயக்க வைப்பது. வேர்ட்பிரஸின் அடிப்படை அமைப்புகள் உள்ள டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, திருத்தங்களை இத்துடன் நிறுத்துமாறு சொல்லும் குறிப்புக்கு மேலே, டிஃபைன் கட்டளையால் ‘டிசேபிள் டபிள்யூபி கிரான்’ மாறிலிக்கு ‘ட்ரூ’ மதிப்பைக் கொடுங்கள்; மாறிலியின் மூன்று சொற்களும் ஆங்கிலப் பேரெழுத்தில், இடையே அடிக்கோட்டுடன் இருக்க வேண்டும். உடனே ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகமான சிபேனலின் கிரான் ஜாப்ஸ் பகுதிக்குச் சென்று, டபிள்யூபி-கிரான் கோப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிஎச்பி மூலம் இயக்கும் கட்டளையைச் சேருங்கள். இதை விட்டுவிட்டால் பின்னணிப் பணிகள் அனைத்தும் நின்றுபோகும்.

சரிபார்க்க, சில நிமிடங்கள் கழித்து வெளியாகும்படி ஒரு பதிவைத் திட்டமிடுங்கள். அடுத்த கிரான் சுற்றில் அது வெளியாகியிருக்க வேண்டும். பிறகு, பேக்கப் பிளகினின் அமைப்புகளில் அதன் நேரத்தைப் பார்வையாளர்கள் குறைவாக வரும் வேளைக்கு மாற்றிவிடுங்கள்.