பழைய கடன் கேட்டு வந்தால் திகதியை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

உரக்கடைக் கொப்பியில் ஒரு கணக்கு, குழுக்கடன் ஒன்று, உழவு இயந்திரத்துக்கு லீசிங் ஒன்று. ஒரு பெரும்போகம் பிழைத்தால் வன்னியில் மூன்றும் சேர்ந்தே கழுத்தைப் பிடிக்கும். ஆண்டுகள் கழித்து ஒருவர் படலையில் நின்று "வழக்குப் போடுவம்" என்றால் பதறாமல் ஒரு கொப்பியை எடுங்கள். கடனுக்கு வழக்குப் போடச் சட்டத்தில் ஒரு காலக்கெடு உண்டு; அது கடந்துவிட்டதா என்று பார்ப்போம்.

படி 1: என்ன கடன் என்று எழுதுங்கள்

இலங்கையில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் இதற்கு அடிப்படை. கடையில் வாங்கிய பொருளுக்கும் செய்த வேலைக்கான கூலிக்கும் வழக்குப் போட 1 வருடம். வாய்ப்பேச்சில் வாங்கிய கைமாற்றுக்கு 3 வருடம். எழுத்து ஒப்பந்தம், புரோநோட்டு என்றால் 6. சொத்தை ஈடு வைத்த கடனுக்கு 10.

கடைக்காரர் தன் கொப்பியில் எழுதி வைத்ததால் அது எழுத்து ஒப்பந்தம் ஆகிவிடாது. அதற்கும் 1 வருடம்தான். கடன் கொடுத்த சிறு கடைக்காரரும் எங்கள் ஆள்தான்; அவர் இதை அறியாமல் காசை இழப்பதையும் நான் விரும்பவில்லை.

போரால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக 2016இல் வந்த 5ஆம் இலக்க விசேட சட்டம் காணி போன்ற அசையாச் சொத்துக்கு உரியது. அதை இதற்குள் கொண்டுவந்து குழப்ப வேண்டாம்.

படி 2: எண்ணத் தொடங்கும் நாள்

வாங்கிய நாள் அல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். எழுத்து ஒப்பந்தப்படி 2018 ஜூன் 10இல் முழுவதும் கட்டியிருக்க வேண்டும், அதன்பின் எதுவும் கட்டவில்லை என்றால் 2024 ஜூன் 10 வரைதான் வழக்குப் போடலாம்.

படி 3: கையெழுத்துக்கும் காசுக்கும் முன் யோசியுங்கள்

இதை இரண்டு முறை வாசியுங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் அக்காவிடம் கடன் வசூலிக்க வந்தவர், "வந்ததுக்கு ஐந்நூறு ரூபாயாவது தாங்கோ அக்கா" என்றார். அயலவர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் கொடுத்துவிட்டார். 6 வருடம் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. அந்தப் பற்றுச்சீட்டை அவர் என்னிடம் காட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. கடனில் ஒரு பகுதியைக் கட்டினால் பொதுவாகக் காலம் அன்றிலிருந்து புதிதாக ஓடும். கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தாலும் அப்படித்தான். வாயால் "தாறன்" என்று சொன்னது மட்டும் காலத்தைப் புதுப்பிக்காது.

கட்டக்கூடிய கடனைக் கட்டுங்கள். ஆனால் திகதியைப் பார்த்து, தெரிந்து கட்டுங்கள்.

படி 4: அழைப்பாணை வந்தால் போங்கள்

"காலம் கடந்துவிட்டது, வழக்குச் செல்லாது" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நீதிமன்றம் தானாக இதை எடுத்துப் பார்க்காது. உங்கள் மறுமொழியில் நீங்கள்தான் எழுப்ப வேண்டும். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரலாம். காலம் கடந்தால் போவது வழக்குப் போடும் உரிமை, கடன் அழிந்துவிடுவதில்லை.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள். ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், திகதி எழுதிய கொப்பி எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அழைப்பாணை கையில் கிடைத்த நாளையும் அந்தக் கொப்பியில் எழுதிவிடுங்கள்.