பொறி தட்டக் கத்தியின் முதுகைத் தயார் செய்தல்

பெரோ கம்பியில் (சுரண்டினால் பொறி பறக்கும், தீ மூட்டும் கலப்புலோகக் கம்பி) கத்தியின் முதுகை இழுத்தும் பொறி பறக்கவில்லை என்றால், பெரும்பாலும் முதுகு விளிம்பு உருண்டிருக்கும். கம்பியைச் சுரண்டி எடுக்க 90 பாகைக் கூர்மூலை வேண்டும்; உருண்ட விளிம்பு வழுக்கிக்கொண்டு போய்விடும். என் கத்தியில் மேலே கறுப்புப் பூச்சும் இருந்தது, அதையும் அந்த இடத்தில் எடுத்தேன்.

முதலில் வெட்டுவாயில் தடித்த ரேப் சுற்றுங்கள். இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே, முதுகு மேலே பார்க்க வைஸில் இறுக்குங்கள். ஒற்றை வரி அரத்தை முதுகுக்குக் குறுக்காக, மட்டமாகப் பிடித்து ஒரே பக்கமாகத் தள்ளுங்கள். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். அரம் கொஞ்சம் ஆடினாலும் மூலை மறுபடி உருண்டுவிடும். நுனிப் பக்கமாக 4 சென்ரிமீற்றர் போதும். பெருவிரல் அழுத்தும் இடத்தை அப்படியே விடுங்கள். கிரைண்டர் வேண்டாம்: சூடேறி இரும்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும்.

ஓரத்தில் நிற்கும் பிசிரை 400 இலக்க உப்புத்தாளைப் பலகையில் ஒட்டி, பக்கவாட்டில் மெல்லத் தேய்த்து எடுங்கள். முதுகை நகத்தில் இழுத்தால் வெண்தூள் வரவேண்டும்.

புதுக் கம்பியின் கறுப்புப் பூச்சையும் சுரண்டிவிடுங்கள். தட்டும்போது கத்தியை அசைக்காமல் கம்பியைப் பின்னால் இழுத்தால், தீப்பிடிக்க வைத்த பஞ்சு கலையாது.

திருகோணமலைக் கடற்காற்றில் அராவிய இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும், கார்பன் இரும்பென்றால் இன்னும் வேகமாக. துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். உப்பீரம் கம்பியையும் அரிக்கும். உலர்ந்த டப்பாவில் வையுங்கள்.