உவமை இருக்கிறது, சரி. அது அங்கே என்ன செய்கிறது?

வார இறுதியில் சில உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் சொல்லித் தருகிறேன். அண்மையில் ஒரு விடைத்தாளில் இந்த வாக்கியத்தைப் படித்தேன்: 'ஆசிரியர் இக்கதையில் உவமை, பின்னோக்கு உத்தி, சிறந்த பாத்திரப்படைப்பு ஆகியவற்றைக் கையாண்டு கதையைச் சுவைபட நகர்த்தியுள்ளார்.' எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழையும் இல்லை. ஆனால் உலகத்தில் உள்ள எந்தக் கதைக்கும் இதை அப்படியே எழுதிவிடலாம். கலைச்சொல்லைச் சொல்லிவிட்டால் ஆய்வு முடிந்தது என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

விளக்குவதற்காக நானே ஒரு சின்னப் பத்தி எழுதி வைத்திருக்கிறேன்:

'மின்தூக்கி ஐந்தாம் மாடியில் நின்றது. பெரியவர் இறங்கி, பையைக் கை மாற்றிக்கொண்டு, இரண்டு மாடி படியிறங்கினார். கதவைத் திறந்த மருமகள், "இப்பத்தான் வர்றீங்களா மாமா?" என்றாள். அவர் பதில் சொல்லாமல் செருப்பைக் கழற்றினார். மற்றச் செருப்புகளோடு சேர்க்காமல் சுவரோரம் தனியாக வைத்தார்.'

பெரியவரின் பாத்திரப்படைப்பைப் பற்றி எழுதச் சொன்னால் வருவது ஒரு பட்டியல்: அமைதியானவர், பொறுமையானவர், தனிமையில் வாடுபவர். இவையெல்லாம் பண்புகள். பாத்திரப்படைப்பு என்பது அந்தப் பண்பு நமக்கு எப்படித் தெரியவந்தது என்ற கேள்வி. 'தனிமையானவர்' என்று பத்தியில் எங்கேயும் இல்லை. செருப்பு தனியாக வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதிலும் அவரே வைக்கிறார், யாரும் வைக்கச் சொல்லவில்லை. இந்த வீட்டில் தன் இடம் எவ்வளவு என்று அவரே அளந்து வைத்திருக்கிறார் என்று அங்கிருந்து எழுதத் தொடங்கினால் அது ஆய்வு.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், 'தட்டையான பாத்திரம்' என்பதைக் குறையாக எழுதுவது. ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம்.ஃபார்ஸ்டர் 1927ல் தட்டை, முழுமை என்று பாத்திரங்களைப் பிரித்தபோது தட்டையானவர்களுக்கும் கதையில் வேலை உண்டு என்றுதான் சொன்னார். கோப்பிக்கடைக்காரர் ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போகலாம். அவருக்கும் உள்மனப் போராட்டம் வைத்தால் கதை நகராது.

கதைக்களத்துக்கு மாணவர்கள் ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள்: 'இக்கதை சிங்கப்பூரில் தற்காலத்தில் நடக்கிறது.' மின்தூக்கியைப் பாருங்கள். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடங்கள் பலவற்றில் முன்பு மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. இடைப்பட்ட மாடிக்காரர்கள் ஏறியோ இறங்கியோ போக வேண்டியிருந்தது. அதை மாற்றுவதற்கான மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது 2001ல். ஆகவே நம் பெரியவர் இரண்டு மாடி இறங்குகிறார் என்ற ஒரு செய்தியே ஏறக்குறைய எந்தக் காலம், எந்த மாதிரி வீடு, முட்டிக்கு எவ்வளவு வேலை என்று சொல்லிவிடுகிறது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கும் காலத்தில் பிறந்தவர்கள். 'ஏன் சார், அவர் தப்பான பட்டனை அழுத்திவிட்டாரா?' என்று ஒருவன் கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது கதைசொல்லி. கதையில் 'நான்' என்று வந்தால் உடனே 'ஆசிரியர் தம் வருத்தத்தை வெளிப்படுத்துகிறார்' என்று எழுதிவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இதே பிள்ளைகள் சங்கப் பாடலில் இந்தத் தவறைச் செய்வதே இல்லை. குறுந்தொகை 25ஆம் பாட்டைப் பாடியவர் கபிலர், பேசுகிறவள் தலைவி. பாட்டோடு 'தலைவி கூற்று' என்று குறிப்பும் இருப்பதால் கபிலர்தான் காதலனை எண்ணிக் கலங்குகிறார் என்று யாரும் எழுதுவதில்லை. 'கூற்று' என்ற அந்த ஒரு சொல்லைச் சிறுகதைக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இது யார் கூற்று என்று கேட்டுவிட்டு எழுத ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதி நோக்குநிலை. யார் சொல்கிறார் என்பது வேறு, யார் பக்கத்தில் நின்று பார்க்கிறோம் என்பது வேறு. 'படர்க்கையில் எழுதப்பட்டுள்ளது' என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. நம் பத்தி படர்க்கைதான், ஆனால் கதவைத் திறந்தவள் 'மருமகள்' என்று குறிக்கப்படுகிறாள். யாருக்கு மருமகள்? பெரியவருக்கு. அவள் பக்கம் நின்று சொல்லியிருந்தால் அவள் பெயர் வந்திருக்கும், வாசலில் நிற்பவர் 'மாமனார்' ஆகியிருப்பார். தமிழில் உறவுப்பெயரே நோக்குநிலையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில இலக்கியப் பாடத்தில் படித்த விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் இது கண்ணில் படாது.

உவமைக்கு வருவோம். 'போல' இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்ற குறுக்குவழி எல்லாருக்கும் தெரியும். அது நடு வழியில் கைவிடும். 'மலர்முகம்' என்பதில் 'போல' இல்லை, ஆனாலும் அது மலர் போன்ற முகம், உவமைத்தொகை. திருப்பிப் போட்டு 'முகமலர்' என்றால் முகமாகிய மலர், உருவகம். முன்னதில் முகமும் மலரும் இரண்டாகவே நிற்கின்றன, பின்னதில் ஒன்றாகிவிட்டன.

கண்டுபிடித்த பிறகு என்ன எழுதுவது? தொல்காப்பிய உவமவியல் தொடக்கத்திலேயே நான்கு அடிப்படைகளைத் தருகிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை, மழை போன்ற கொடை என்றால் பயன், துடி போன்ற இடை என்றால் வடிவம், பவளம் போன்ற வாய் என்றால் நிறம். எது எதனோடு ஒத்திருக்கிறது என்று கேட்பது முதல் படி. அதற்குப் பிறகு, இவர் ஏன் இப்போது இதை நினைக்கிறார்?

அந்தக் கபிலர் பாட்டிலேயே இதைப் பார்க்கலாம். தலைவன் தன்னைக் கூடிய அன்று வேறு யாரும் அங்கே இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகு ஒன்றுதான் இருந்தது என்கிறாள் தலைவி. குருகின் கால்களைத் தினைத்தாளோடு ஒப்பிடுகிறாள்: சிறியவை, பசுமையானவை. 'கால்களின் வடிவமும் நிறமும் உவமிக்கப்பட்டுள்ளன' என்று எழுதினால் சரிதான், ஆனால் அரை விடை. தன் வாழ்க்கையே மாறிய நேரத்தில் ஒரு பறவையின் காலைக்கூட அவள் மறக்கவில்லை. அவளுக்கு இருக்கும் ஒரே சாட்சி அது. அந்தச் சாட்சியின் கண்ணோ மீன்மேல் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் என்பதால் இதில் கொஞ்சம் அதிக நேரம் செலவழித்துவிடுவேன், வகுப்பில் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கும்வரை.

தமிழில் மட்டும் வரும் ஒரு தொல்லையும் உண்டு: ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். சிறுகதை வகுப்பில் 'கருப்பொருள்' என்றால் கதை பேசும் மையக் கருத்து. அகப்பாடலில் கருப்பொருள் என்றால் அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை. அங்கே மையமாக நிற்கும் உணர்வுக்குப் பெயர் உரிப்பொருள். மேலே சொன்ன பாட்டின் கருப்பொருளைக் கேட்டால் விடை குருகு. 'காதலின் ஏக்கம்' என்று எழுதினால் தவறு. 'தொனி'யும் இப்படித்தான். ஆங்கிலப் பாடத்திலிருந்து வருகிறவர்கள் அதைப் பேசுபவரின் குரலில் உள்ள மனப்பாங்கு என்ற பொருளில் எழுதுகிறார்கள். பழைய அழகியலில் அது சொல்லாமல் உணர்த்தப்படும் பொருள். எந்தப் பொருளில் பயன்படுத்துகிறோம் என்று விடையின் முதல் வரியிலேயே காட்டிவிடுவது நல்லது. அகப்பாடலில் கருப்பொருள் வழியே குறிப்பாக உணர்த்தப்படும் பொருளுக்கு 'இறைச்சி' என்று பெயர், அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்பியவர்களுக்கு அது கறிக்கடைக்குப் போய்விட்டது.

கதைப்பின்னலைக் கேட்டால் கதைச்சுருக்கம் வருகிறது. நடந்தது கதை, அதை எந்த வரிசையில், எவ்வளவு மறைத்து நமக்குத் தருகிறார்கள் என்பது பின்னல். அந்த வீடு பெரியவரே தம் மத்திய சேமநிதிப் பணத்தில் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியிலேயே அதைச் சொன்னால் செருப்பைப் பார்த்ததும் கோபம் வரும். மூன்றாம் பக்கத்தில் சொன்னால், முதல் பக்கத்துக்குத் திரும்பிப்போய் அந்தச் செருப்பை மறுபடி பார்ப்போம். நிகழ்ச்சிகள் அதேதான், வரிசைதான் மாறியது. பின்னோக்கு உத்தி என்று எழுதுகிறவர்கள், அந்தச் செய்தி ஏன் அதுவரை காத்திருந்தது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அப்புறம், பழைய நினைவு வந்தாலே நனவோடை ஆகிவிடாது. நனவோடை என்பது மனத்தில் ஓடுவதை அதன் ஒழுங்கில்லாத ஓட்டத்திலேயே எழுதிக்காட்டுவது.

கடைசியாக மருமகளின் அந்த ஒரு வரி. 'இயல்பான பேச்சுவழக்கு நடப்பியல் தன்மை தருகிறது' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். நான் 'இப்பத்தான் வர்றீங்களா மாமா?' என்பதை வகுப்பில் இரண்டு விதமாகப் படித்துக் காட்டினேன். ஒரு முறை அக்கறையாக, ஒரு முறை கடுகடுப்பாக. எழுத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 'அப்போ அவ நல்லவளா, கெட்டவளா?' என்றாள் அந்த விடைத்தாள்காரி. பெரியவர் பதில் சொல்லாததை வைத்து முடிவு செய்யலாமா என்று கேட்டேன். 'அவர் மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கலாம் சார், படி இறங்கி வந்தாரில்ல?' என்றான் மின்தூக்கிக்காரன். அன்றைக்கு வகுப்பு அரை மணி நேரம் தாமதமாக முடிந்தது.