தற்கொலையில் ஒருவரை இழந்தவர்களுக்கான ஆதரவுக் குழுவைத் தேடுவது எப்படி?

என் தம்பி போய் மூன்று வருஷம் ஆகிறது. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு வீட்டில் அவன் பேரைச் சொல்வதே நின்றுபோனது. யார் கேட்டாலும் "ஹார்ட் அட்டாக்னு சொல்லும்மா" என்றார் பெரியப்பா. பொய் சொல்லாமல் அவனைப் பற்றிப் பேச ஓர் இடம் தேடினேன். சரியான இடத்தில் போய் உட்கார ஏழு மாதம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது.

முதலில் ஒன்று. உங்களுக்கே வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் குழுவை அப்புறம் தேடலாம். இப்போதே 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற இந்திய அரசின் மனநல உதவிச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. இழந்தவர்களுக்கு அந்த எண்ணம் வருவது உண்டு, அதை மறைக்க வேண்டாம்.

படி 1: சரியான சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். 'சூசைட் சப்போர்ட்' என்று தேடினால் வருவதெல்லாம் தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கான உதவி எண்கள். பிறகு 'சர்வைவர்' என்ற சொல் கண்ணில் பட்டது, நமக்கானது என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. முயற்சி செய்து பிழைத்தவர்களையும் அப்படித்தான் சொல்கிறார்கள், இழந்து நிற்கும் குடும்பத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். இது தெரியாமல் ஒரு குழுவுக்குப் போய்விட்டேன். அங்கிருந்த எல்லோரும் பிழைத்தவர்கள். அவர்கள் பேசப் பேச, தம்பியும் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாமே என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது. அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் போக வேண்டிய இடம் அது இல்லை, அவ்வளவுதான்.

அதனால் தேடும்போது 'சூசைட் லாஸ்' (suicide loss) அல்லது 'சூசைட் பிரீவ்மென்ட்' (suicide bereavement, அதாவது தற்கொலையில் இழந்த துக்கம்) என்று ஆங்கிலத்தில் போடுங்கள், கூடவே ஊர்ப் பெயரையும் சேருங்கள்.

படி 2: எங்கே கேட்பது

நான் முதலில் சொல்வது மதுரையில் இழந்தவர்களுக்கு ஆதரவு தரும் 'ஸ்பீக்'. மனநலத் துறையில் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையோடு சேர்ந்து நந்தினி முரளி தொடங்கியது. கணவரைத் தற்கொலையில் இழந்தவர் அவர். அந்த அனுபவத்தை வெளிப்படையாக எழுதியும் பேசியும் வருகிறார். அனுபவித்தவர் தொடங்கிய இடம் என்பதால் பாதியை நாம் விளக்கவே வேண்டாம்.

சென்னைப் பக்கம் என்றால் ஸ்நேகா, 044-24640050. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. நேரடிக் குழு இப்போது நடக்கிறதா என்று கூப்பிட்டே கேளுங்கள், இணையத்தில் இருக்கும் தேதிகளை நம்பிக் கிளம்பாதீர்கள்.

முகநூல், வாட்ஸ்அப் குழுக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொறுப்பாக நடத்த ஆள் இல்லாத குழுவில் யாரோ ஒருவர் ராத்திரி ஒரு மணிக்கு எப்படி நடந்தது என்று விவரமாக எழுதுவார். அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் தூங்கவில்லை.

படி 3: போன் செய்வது

எளிதாகத் தெரியும், இல்லை. நான்கு முறை நம்பரைப் போட்டு நான்கு முறையும் கட் செய்தேன். ஐந்தாவது முறை அந்தப் பக்கம் ஓர் அம்மா "சொல்லுங்கம்மா" என்றதும் "என் தம்பி..." என்பதற்கு மேல் வரவில்லை, வைத்துவிட்டேன். மறுநாள் நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் இப்படி எழுதி வைத்துக்கொண்டேன்: "என் தம்பி தற்கொலையால் இறந்துட்டான். எனக்குத் தற்கொலை எண்ணம் இல்லை. இழந்தவங்களுக்கான குழு இருக்கா?" அதைப் பார்த்து அப்படியே வாசித்தேன். நடுவில் இருக்கும் வாக்கியத்தை உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் முதலில் உங்கள் உயிரைப் பற்றித்தான் கவலைப்படுவார், அது அவர் கடமை.

அழுகை வந்தால் வரட்டும். அவர்கள் காத்திருப்பார்கள்.

படி 4: சேருமுன் கேளுங்கள்

யார் நடத்துகிறார்கள்? தமிழில் பேசலாமா? எப்போது வேண்டுமானாலும் சேரலாமா, இல்லை இத்தனை வாரம் என்று கணக்கு வைத்து நடப்பதா? சொன்னது வெளியே போகாது என்று உறுதி தருகிறார்களா? பேசாமல் சும்மா உட்கார்ந்திருக்கலாமா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

படி 5: முதல் நாள்

நான் பேரை மட்டும் சொன்னேன். பைக்குள் தம்பியின் கண்ணாடிக்கூட்டைப் பிடித்தபடியே ஒன்றரை மணி நேரம் இருந்தேன். மற்றவர்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது. மூன்று முறையாவது போய்ப் பாருங்கள், முதல் நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். திரும்பி வரும்போது பாரம் கூடியது போல இருக்கும். அன்று ராத்திரி தனியாக இருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னர் சேர்த்தது: இலங்கை, சிங்கப்பூர் வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கொழும்பில் சுமித்ராயோ என்ற தன்னார்வ ஆதரவு அமைப்பிடம் விசாரிக்கலாம். அவசரம் என்றால் இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926. சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். (சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்) அமைப்பு இழந்தவர்களுக்கென்றே 'ஹீலிங் பிரிட்ஜ்' என்ற குழுவை நடத்துகிறது, அமைப்பின் உதவி எண் 1767. அங்கே தமிழ் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கூட்டுக் குடும்பம், ஜூமில் நடக்கும் குழுவில் பேச வீட்டில் இடமில்லை என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள், திரையில் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று நடத்துபவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

அப்பாவை இழந்து இருபது வருஷம் ஆகிவிட்டது, இப்போது போனால் என்ன நினைப்பார்கள் என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். போங்கள் அண்ணா. எத்தனை வருஷம் ஆனது என்று அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.