பணிமாற்றக் கடிதம் வந்த பிறகு குடும்ப வீட்டை விற்பது எப்படி?

அரசாங்கப் பணிமாற்றக் கடிதத்தில், புதிய இடத்தில் என்றைக்குச் சேர வேண்டும் என்ற தேதி தெளிவாக இருக்கும். வீட்டு விற்பனைக்கு அப்படி ஒரு தேதியை யாராலும் எழுதித் தர முடியாது. எனக்கு ஜூலை மாத நடுவில் மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்கு மாற்றல் கடிதம் வந்தது. செப்டம்பர் முதல் தேதி பணியில் சேர்ந்துவிட்டேன். ஆனால், பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் என் பெயரிலும் அம்மாவின் பெயரிலும் இருந்த வரிசை வீட்டின் கடைசிப் பணம் கைக்கு வந்தது மறு ஆண்டு ஏப்ரலில்தான். இந்த இரண்டு தேதிகளையும் ஒன்றோடொன்று கட்டிவைத்துத் திட்டமிட்டதுதான் நான் செய்த முதல் தவறு. முதன்முறையாக வீடு விற்கும் அரசு ஊழியர்கள் அதே தவறைச் செய்யாமல் இருக்க, எந்த வேலையை எதற்கு முன் முடிக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: கெரானைக் கையில் எடுத்துப் படியுங்கள்

வாங்குபவரைத் தேடுவதற்கு முன்பே, விலை பேசுவதற்கு முன்பே, கெரான் எனப்படும் நில உரிமைப் பத்திரத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் அது சாமி அறை அலமாரியிலோ துணிப் பெட்டியின் அடியிலோ பத்திரமாக இருக்கும்; எடுத்துப் படித்தவர்தான் யாரும் இருக்க மாட்டார்கள். அதில் பார்க்க வேண்டியவை நான்கு. யார் யார் பெயர் இருக்கிறது, எத்தனை பங்கு? நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு ஏதும் உண்டா? கடாயான், அதாவது வங்கியின் அடமானப் பதிவு, இன்னும் நிற்கிறதா?

நான் தடுக்கி விழுந்தது அந்த நான்காவது கேள்வியில்தான். எங்கள் வீட்டுக் கடனை 2013-ஆம் ஆண்டிலேயே முழுவதும் கட்டி முடித்துவிட்டோம். கடன் முடிந்தது என்ற கடிதமும் இருந்தது. கெரானும் வங்கியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டதால், எல்லாம் முடிந்தது என்றே நினைத்திருந்தோம். வழக்கறிஞரின் உதவியாளர் நில அலுவலகத்தில் தேடல் எடுத்தபோது, வங்கியின் பெயர் பதிவேட்டில் அப்படியே இருந்தது. கடனை அடைப்பது ஒரு வேலை, அடமானத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது வேறொரு வேலை. அதற்கு வங்கி படிவம் 16என்-இல் கையொப்பமிட்டு, அதை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தப் படிவத்தை எங்களுக்காக யாரும் பதியவில்லை. பதிய வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியவில்லை. பழைய கோப்பைத் தேடி, புதிதாகக் கையொப்பம் பெற்று, பதிந்து முடிக்கும்போது ஏழு வாரங்கள் போய்விட்டன. முதலில் வந்த வாங்குபவர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. ஆகவே, கடன் முடிந்த வீடு என்றாலும் நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்து, இன்றைய பதிவைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதைக் கெரானின் வகையே சொல்லிவிடும். வெறுமனே ‘கெரான்’, ‘பஜாக்கான் நெகிரி’ (மாநிலக் குத்தகை) என்று இருந்தால் அது மாநில நில, கனிமவளப் பதிவகத்தில் இருக்கும். பினாங்கில் அது கொம்தார் கட்டடத்தில் இயங்குகிறது. ‘கெரான் முக்கிம்’, ‘பஜாக்கான் முக்கிம்’ என்று இருந்தால் மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும். அடுக்குமாடி வீடாக இருந்து தனிப் பட்டா இன்னும் வெளிவராமல் இருந்தால், மேம்பாட்டாளரின் ஒப்புதலோடு உரிமையை எழுதி மாற்றும் வேறொரு வழி உண்டு. அதை வழக்கறிஞரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெயர் காலமானவருடையதாக இருந்தால்

அப்பாவின் பெயரிலேயே வீடு இருந்து, அவர் மறைந்துவிட்டிருந்தால், விற்பனையைப் பற்றிப் பேசும் நேரம் இன்னும் வரவில்லை. முதலில் வாரிசுரிமையை முடிக்க வேண்டும். நிலமும் வீடும் உள்ளிட்ட சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்போகாமல், உயில் எதுவும் இல்லாமல் இருந்தால், சொத்து இருக்கும் மாவட்டத்து நில அலுவலகத்திலேயே சிறு சொத்துப் பங்கீட்டுக்கு மனுச் செய்யலாம். 2024 ஜூலை மாதத்துக்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் மறைந்த முஸ்லிம் அல்லாத ஒருவருக்கு மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் சேரும். அவருடைய பெற்றோரும் உயிரோடு இருந்தால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பாட்டிக்கும் பங்கு உண்டு என்பதைப் பல குடும்பங்கள் விசாரணை நாளன்றுதான் அறிகின்றன. அண்ணன், தங்கை, அத்தை என்று எல்லாரையும் உட்காரவைத்து இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. ஒருவர் கையொப்பமிட மறுத்தாலும் வீடு விற்காது.

இரண்டாம் படி: கைக்கு வரும் தொகையைக் கணக்கிடுங்கள்

விலை என்பது வேறு, கையில் நிற்கும் தொகை என்பது வேறு. 420,000 ரிங்கிட்டுக்கு விற்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பதிவு பெற்ற முகவரின் தரகுத்தொகை அதிகபட்சம் 3 விழுக்காடு, அதாவது 12,600 ரிங்கிட். அதன்மேல் 8 விழுக்காட்டுச் சேவை வரி 1,008 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் 2023-ஆம் ஆண்டுக் கட்டண ஆணைப்படி முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு, அதாவது 5,250 ரிங்கிட். அதற்கான சேவை வரி 420 ரிங்கிட். இவை போக மீதி 400,722 ரிங்கிட். இதிலிருந்து வீட்டுக் கடனின் பாக்கியையும் சில்லறைச் செலவுகளையும் கழிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி வாங்குபவரின் பொறுப்பு; அதை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சொத்து ஆதாய வரியை எண்ணிப் பலர் பயப்படுகிறார்கள். குடிமக்கள், வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு கட்ட வேண்டும். ஆறாம் ஆண்டு முதல், 2022 ஜனவரியிலிருந்து, ஒன்றும் கிடையாது. வரி இல்லை என்பதற்காகப் படிவமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. விற்ற நாளிலிருந்து 60 நாள்களுக்குள் வருமான வரி வாரியத்துக்கு விவரம் போய்ச் சேர வேண்டும். வாங்குபவர் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வாரியத்துக்கு அனுப்புவது பொது விதி. விலக்குக்கு உரியவராக இருந்தால், அதற்கான படிவத்தை உரிய நேரத்தில் அனுப்பும்படி வழக்கறிஞரை முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. குடியிருந்த வீட்டை விற்கும்போது, வாழ்நாளில் ஒரே ஒரு முறை முழு வரிவிலக்குக் கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. வீடு வாங்கி ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால், அந்த உரிமையை இப்போது செலவழிக்கத் தேவையில்லை. புதிய ஊரில் வாங்கும் வீட்டை மறுபடியும் ஒரு மாற்றலால் மூன்றே ஆண்டில் விற்க நேர்ந்தால், அன்றைக்கு அது கைகொடுக்கும்.

மூன்றாம் படி: முகவரும் வழக்கறிஞரும்

முகவரின் அட்டையில் உள்ள ஆர்.இ.என். (முகவர் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிக்கான எண்) அல்லது பதிவு எண்ணை, மதிப்பீட்டாளர் மற்றும் சொத்து முகவர் வாரியத்தின் இணையத்தளத்தில் நீங்களே சரிபாருங்கள். எண் இல்லாதவரிடம், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், வீட்டைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளுங்கள். ஊரைவிட்டுப் போகப் போகிறவருக்கு இது கட்டாயம் என்பேன்.

நான்காம் படி: மாற்றல் தேதியைச் சொல்லி விலை பேசாதீர்கள்

வீட்டைப் பார்க்க வந்த ஒரு தம்பதியரிடம், “செப்டம்பருக்குள் போயாக வேண்டும்” என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பெண் சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் குழாயை மூடிவிட்டு, கணவரைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் வந்த விலை, கேட்டதைவிட 35,000 ரிங்கிட் குறைவு. அவர்கள்மீது குற்றமில்லை, அவசரம் உள்ளவரிடம் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். உண்மையில் எனக்கு அந்த அவசரமே தேவைப்படவில்லை. நான் புத்ராஜெயாவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துப் பணியில் சேர, அம்மா வீட்டில் இருந்தபடியே விற்பனை நடந்தது.

ஐந்தாம் படி: ஒப்பந்தமும் காத்திருப்பும்

விலை முடிவானதும் வாங்குபவர் 2 அல்லது 3 விழுக்காட்டை முன்பணமாகக் கொடுத்து உறுதிக் கடிதத்தில் கையொப்பமிடுவார். அதன்பின் இரண்டு மூன்று வாரங்களில் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது, மொத்தம் 10 விழுக்காடு நிறைவாகும். மீதி 90 விழுக்காட்டுக்கு மூன்று மாதத் தவணையும், அதைத் தாண்டினால் வட்டியோடு மேலும் ஒரு மாதமும் தருவது வழக்கம். ஆண்டுக்கு 8 விழுக்காடு என்று ஒப்பந்தத்தில் இருந்தால், 378,000 ரிங்கிட் பாக்கிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 83 ரிங்கிட் வட்டி. குத்தகை நிலத்துக்கு மாநில ஒப்புதல் தேவைப்பட்டால், இந்த மூன்று மாதம் பெரும்பாலும் ஒப்புதல் வந்த பிறகே தொடங்கும். எனவே, உறுதிக் கடிதத்திலிருந்து கடைசிப் பணம் வரை ஐந்தாறு மாதங்களாவது பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு உங்கள் வாடகை, பள்ளி மாற்றம் ஆகியவற்றைத் திட்டமிடுங்கள்.

வேறு ஊரில் இருப்பவர் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் பேருந்து ஏறி வர வேண்டியதில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 14ஏ, வரிப் படிவங்கள் ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு ஒரே நாளில் கையொப்பமிட்டு வழக்கறிஞரிடம் ஒப்படைக்கலாம். பணம் முழுவதும் வரும்வரை அவர் அவற்றை வைத்திருப்பார். சபாவுக்கோ சரவாக்குக்கோ போகிறவர்கள், விமானம் ஏறுவதற்கு முன்பே உடன்பிறந்தவர் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி உயர்நீதிமன்றத்தில் பதிந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

உங்கள் வீட்டுக் கடன் எல்.பி.பி.எஸ்.ஏ. எனப்படும் பொதுத்துறை வீட்டு நிதி வாரியத்தில் இருந்தால், மீட்புத் தொகைக்கான அறிக்கையைச் சீக்கிரமே கேளுங்கள். முதல் கடனை முழுமையாக அடைத்த பிறகுதான் அங்கே இரண்டாம் கடனுக்கு மனுச் செய்ய முடியும். புதிய ஊரில் வீடு வாங்க எண்ணுபவர்களுக்கு இது முக்கியம். அதுவரை அரசாங்கக் குடியிருப்புக்கு மனுச் செய்யலாம். ஆனால், அங்கே குடியேறினால் மாதச் சம்பளத்தில் வரும் வீட்டுப்படி நின்றுவிடும். இடமாற்றத்துக்கான செலவுகளைக் கோர முடியுமா என்பதை, சாமான் ஏற்றும் லாரியை அமர்த்துவதற்கு முன்பே உங்கள் அலுவலக நிதிப் பிரிவில் கேட்டு, ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள்.

கடைசிப் படி: ஒப்படைப்பு

நிலவரி, நகராண்மை வரி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய ஐந்துக்கும் பாக்கியில்லாத ரசீதுகளை ஓர் உறையில் போடுங்கள். புக்கிட் மெர்தாஜாம் இருக்கும் செபராங் பிறையில் நகராண்மை வரி செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும், பினாங்குத் தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கும் போகும்; ஆண்டுக்கு இரண்டு தவணை என்பதால், கைமாறும் நாளை வைத்து இரு தரப்புக்கும் பிரித்துக் கணக்கிடுவார்கள். முழுப் பணம் வந்துவிட்டது என்று உங்கள் வழக்கறிஞர் எழுத்தில் உறுதி சொல்லும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள். “பெயின்ட் மட்டும் அடித்துக்கொள்கிறோம்” என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் இதே பதில்தான். பணத்தில் சிக்கல் வந்து விற்பனை நின்றுபோனால், உள்ளே குடியேறிவிட்டவரை வெளியேற்றுவது பெரும்பாடு.

சாவி கொடுக்கும் அன்று தண்ணீர், மின் மீட்டர்களின் எண்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கணக்குகளை மூடி வைப்புத்தொகையைத் திரும்பப் பெற அவை உதவும். அன்று காலை அம்மா சாமி அறைக் காமாட்சி விளக்கைத் துணியில் சுற்றித் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு காரில் ஏறினார். வாசல் இரும்புக் கதவு, முன்கதவு, பின்கதவு, கடிதப் பெட்டி என்று ஒன்பது சாவிகளை எண்ணி, அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி, வாங்குபவரின் கையொப்பத்தை அதில் பெற்றுக்கொண்டேன்.