நுங்கு வண்டியிலிருந்து ஒரு புத்தகம்

போன வைகாசியில் என் பேரன் செய்த புத்தகத்தில் மொத்தம் 5 வரிதான் இருக்கிறது.

“நான் வண்டி செஞ்சேன். வண்டி ஓடுச்சு. நாய் வெரட்டுச்சு. ஒரு சக்கரம் வாய்க்கால்ல விழுந்துட்டு. ஆச்சி இன்னொரு நுங்கு தந்தா.”

அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பக்கத்துக்கு ஒரு வரி. படம் அவன் போட்டான். மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து, தங்கச்சிக்கு அவனே வாசித்துக் காட்டினான். அதுவரை பாடப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விட்ட பிள்ளை.

எனக்கு ஊர் முக்கூடல். 26 வருசம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது வீட்டில் 6 வயதுப் பேரன், 3 வயதுப் பேத்தி. மருமகள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறாள். சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று தெருவில் இருக்கிற இளம் தாய்மார்கள் கேட்கும்போது நான் சொல்கிற வழி ஒன்றுதான். முதலில் கையால் ஒன்றைச் செய்ய விடுங்கள். செய்ததைப் பற்றிப் பேச விடுங்கள். பேசியதை எழுதிக் கொடுங்கள். எழுதியதை அவர்களே வாசிப்பார்கள். விளையாட்டு தனி, கைவேலை தனி, படிப்பு தனி என்று பிரிக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன்னால் இரண்டு எச்சரிக்கை. 3 வயதை ஒட்டிய பிள்ளை எதையும் வாயில் போடும். தண்ணீர் பாட்டிலின் மூடிக்குள் அடங்குகிற எந்தப் பொருளையும் அந்த வயதில் கையில் தராதீர்கள். புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், பாசிமணி எல்லாம் இதில் சேரும். அவை தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். குன்றிமணியை எந்த வயதுப் பிள்ளைக்கும் தர வேண்டாம். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க அது அழகுதான். ஆனால் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு, கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எங்களைப் போலப் பீடி சுற்றுகிற வீடுகளுக்கு இன்னொன்றும் உண்டு. புகையிலைத் தூள் வைக்கிற சுளகை, அதாவது முறத்தை, விளையாட எடுக்கக் கூடாது. அதற்கென்று வேறு சுளகு வைத்துக்கொள்ளுங்கள். புகையிலை பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும்.

நேரம் நிறைய வேண்டாம். 3 வயதுக்கு ஒரு வேலையில் 10 நிமிடம் மனது நின்றாலே பெரிது. 6 வயதுக்கு அரை மணி நேரம். காலையில் இட்லி சாப்பிட்ட வயிற்றோடு, வெயில் ஏறும் முன் உட்காருவது எங்களுக்குச் சரியாக வருகிறது.

ஓலை

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த பிள்ளைக்குப் பனை ஓலையைவிட நல்ல விளையாட்டுச் சாமான் எனக்குத் தெரியவில்லை. விலை இல்லை, மடித்தால் மடிப்பு நிற்கும், கிழிந்தால் இன்னொன்று. வடலி, அதாவது இளம் பனை என்றால் நின்ற இடத்திலிருந்தே ஓலை எட்டும். உரியவரிடம் கேட்டு ஒன்று வெட்டிக்கொள்ளலாம். குருத்தோலை ஞாயிறு முடிந்த வாரத்தில் கிறிஸ்தவ வீடுகளிலும் கேட்டு வாங்கலாம். பச்சையாக விரிந்து நிற்கிற சாரோலை பிள்ளைகளின் விரலுக்கு விறைப்பு. வெளிர் மஞ்சளாக இருக்கிற குருத்துதான் சொன்னபடி கேட்கும். மட்டையின் கருக்கு ரம்பம் போல அறுத்துவிடும், அதனால் மட்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஓலையின் நடுவே இருக்கிற ஈர்க்கைப் பெரியவர்களே உரித்து எடுத்துவிட்டு, ஒரு விரல் அகலம், ஒரு முழ நீளத்துக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்துபோன ஓலை என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, துணியால் துடைத்து எடுத்தால் மறுபடியும் வளையும்.

முதலில் பாம்பு செய்யலாம். இரண்டு நறுக்கை எடுத்து, ‘ட’ எழுத்துப் போல மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அந்த மூலையில் நூலால் ஒரு தையல் போட்டுக் கொடுங்கள். இப்போது அடியில் இருக்கிற ஓலையை மேலே கொண்டுவந்து மடிக்க வேண்டும். அதனால் மற்ற ஓலை அடிக்குப் போய்விடும். அடுத்து அதை மேலே மடிக்க வேண்டும். எப்போதும் அடியில் இருப்பது மேலே வரும், அவ்வளவுதான் கணக்கு. முழுவதும் மடித்து முனையையும் தைத்துவிட்டால், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஒரு முனையைக் கூராக நறுக்கி நாக்கு வைத்தால் பாம்பு.

பேரன் முதல் தடவை ஏழெட்டு மடிப்பிலேயே குழப்பிவிட்டான். “ஆச்சி, எது அடியில இருக்குன்னே தெரிய மாட்டேங்கு” என்றான். ஒரு ஓலையை மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்து நிறம் ஏற்றிக் கொடுத்தேன். மஞ்சள், வெள்ளை, மஞ்சள், வெள்ளை என்று சொல்லிக்கொண்டே முடித்துவிட்டான். 4 வயதிலிருந்து பிள்ளைகளுக்கு இது வரும். பேத்திக்கு மடிக்க வராது. அவள் ஓலையைக் கிழிப்பாள், தண்ணீரில் மிதக்க விடுவாள். அதுவே அவளுடைய வேலை என்று விட்டுவிடுவேன்.

காற்றாடிக்கு ஆனி, ஆடியில் மேல்காற்று வீசுகிற நாள்தான் தோது. இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் இரண்டு நறுக்கைக் கூட்டல் குறி போல வையுங்கள். நான்கு கையிலும் வலது ஓரத்தை நீளவாக்கில் மடித்துச் சற்றே நிமிர்த்தி விட வேண்டும். நான்கும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் சுற்றாது. நடுவே ஓர் உடைமரத்து முள்ளைக் குத்தி, சிறிய ஓலைத் துண்டு ஒன்றைப் பின்னால் கோத்து, சோளத்தட்டையில் செருகுங்கள். அந்தத் துண்டு இருந்தால்தான் காற்றாடி தட்டையில் உரசாமல் இருக்கும். முள் வேலை முழுவதும் பெரியவர்களுடையது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஒடித்துவிட மறக்க வேண்டாம். சுற்றவில்லை என்றால் உடனே கையிலிருந்து வாங்கிச் சரிசெய்து தராதீர்கள். “எந்தக் கை மாறி மடிஞ்சிருக்குன்னு பாரு” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

நுங்கு வண்டி எல்லோருக்கும் தெரியும். தின்று முடித்த இரண்டு காயை ஒரு சாண் குச்சியின் இரு முனையிலும் குத்தி, கவட்டைக் கம்பால் தள்ளுவது. சட்டையில் கறை பட்டால் போகாது, பழைய சட்டையைப் போட்டு விடுங்கள். வண்டி ஓட்டிக் களைத்து வந்து பேரன் ஒரு விடுகதையும் போட்டான்: “ஒரு வீட்டுக்கு மூணு கண்ணு, மூணு கண்ணுலயும் தண்ணி, அது என்ன?”

மண்

குளம் வற்றிய கோடையில் ஓர் ஓரமாகப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற களிமண்ணை ஒரு வாளி எடுத்து வாருங்கள். காயவைத்து, தட்டிப் பொடித்து, கல்லும் வேரும் போகச் சலித்து, தண்ணீர் தெளித்து ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைய வேண்டும். விரலில் ஒட்டினால் தண்ணீர் அதிகம், உருட்டும்போது வெடித்தால் குறைவு. ஈரத் துணியில் சுற்றி மூடி வைத்தால் ஒரு வாரம் வரும். செய்த பொம்மையை வெயிலில் வைத்தால் விரிசல் விடும், நிழலில் இரண்டு மூன்று நாள் ஆறட்டும். சுட வேண்டாம், உடைந்தால் மறுபடி ஊறப்போட்டுப் பிசைந்துகொள்ளலாம். அம்பாசமுத்திரத்துக் கடைசல் மரச் சொப்பு எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது, அத்தனை அழகு. ஆனாலும் பேத்தி அவளே பிசைந்த மண் சட்டியில்தான் சோறு பொங்குகிறாள். முடிந்தால் பிள்ளைகளை ஒருநாள் காருகுறிச்சிக்குக் கூட்டிப் போங்கள். சக்கரத்தில் மண் எழும்பி பானை ஆவதை ஒரு தடவை பார்த்துவிட்டால், வீட்டில் உருட்டுகிற மண்ணுக்கு மரியாதை வந்துவிடும்.

புத்தகம்

இதுதான் நான் பிடித்துப் பிடித்துச் சொல்கிற பகுதி. இங்கே எத்தனை பேர் விட்டுவிடுகிறார்கள்! பாம்பு செய்தாயிற்று, அழகு, போய்க் கை கழுவு என்று முடித்துவிடுகிறோம்.

செய்து முடித்ததும் பக்கத்தில் உட்காருங்கள். “இது என்ன?” என்று கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால் நமக்குப் புரியவில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். “இதைப் பத்திச் சொல்லு, நான் எழுதுதேன்” என்று சொல்லுங்கள். பென்சிலை எடுத்ததுமே பேச்சு வந்துவிடும். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘விழுந்துட்டு’ என்றால் ‘விழுந்துட்டு’தான். ‘விழுந்துவிட்டது’ என்று நீங்கள் திருத்தி எழுதினால், வாசிக்கும்போது அது பிள்ளையின் வாயில் வராது. தான் சொன்னது என்ன என்று அதற்கு மனதில் இருக்கிறது, எழுத்து அதோடு ஒத்துப்போக வேண்டும். அப்போதுதான் விரல் வைத்த இடத்தில் சொல் கிடைக்கும். புத்தகத் தமிழ் பின்னால் தானே வரும். பெரிய எழுத்தாக, பக்கத்துக்கு ஒரே வரி, சொல்லுக்குச் சொல் நல்ல இடைவெளி.

தாளுக்குக் காசு வேண்டாம். மாதக் காலண்டரின் பின்பக்கம் எதற்கு இருக்கிறது? ஒரே அளவில் 4 தாள் நறுக்கி, இரண்டாக மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 16 பக்கம். அச்சடித்த பக்கங்களை இரண்டிரண்டாகச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிடலாம். மடிப்பின் மேல் மூன்று துளை போடுங்கள்: நடுவில், மேலே, கீழே. ஊசியை வெளியிலிருந்து நடுத்துளை வழியே உள்ளே விட்டு, மேல் துளை வழியே வெளியே எடுத்து, முதுகோடு கீழே கொண்டுபோய்க் கீழ்த்துளை வழியே உள்ளே விட்டு, மறுபடி நடுத்துளை வழியே வெளியே எடுங்கள். இரண்டு நூல் முனையும் இப்போது வெளியே இருக்கும். முதுகில் ஓடுகிற நூலைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டால் புத்தகம் பிரியாது.

முதல் நாள் நீங்கள் வாசியுங்கள், விரலை அடியில் ஓட்டிக்கொண்டே. இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து. அப்புறம் பிள்ளை பாதி மனப்பாடமாகச் சொல்லும். அது ஏமாற்று இல்லை, வாசிப்பு அப்படித்தான் தொடங்குகிறது.

எழுத்து சொல்லித் தரவும் இதே சாமான் போதும். ‘அ’ வளைந்து நெளிந்த எழுத்து, பிஞ்சு விரலுக்குக் கஷ்டம். ‘ட’, ‘ப’, ‘ம’ என்று தொடங்கினால் எளிது. பாம்புக்கு முதலில் வைத்த இரண்டு ஓலையே ‘ட’. மூன்று நறுக்கை வைத்தால் ‘ப’. இந்த மூன்று எழுத்தும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிக்கலாம். 5 வயதுக்கு மேல் என்றால் சுளகில் புளியங்கொட்டையை அடுக்கி எழுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் எழுதிய புத்தகமும் வேண்டும்தான். பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் சிறுவர் புத்தகம் கேட்டுப் பாருங்கள். பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கும்போது பிள்ளையையே எடுக்க விடுங்கள். காசில்லை என்றால், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிக்கும் திறனுக்கேற்ப நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள், அச்செடுத்துக்கொள்ளவும் செய்யலாம். ஒரே கதையை இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் வாசியுங்கள்.

வேலைக்கு நடுவே எங்கே நேரம் என்று கேட்பவர்களுக்கு என் மருமகளைத்தான் காட்டுவேன். கை பீடி சுற்றும், வாய் சும்மாதானே இருக்கிறது. தூள் சுளகுக்குத் தள்ளிப் பாயைப் போட்டு, பேரன் அவன் புத்தகத்தை அவளுக்கு வாசிக்கிறான். தடுமாறினால் அவள் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை, பத்து எண்ணுகிற வரை பொறுக்கிறாள்.

அந்தப் பொறுமை என் மகன் சின்னவனாக இருந்தபோது எனக்கு இல்லை. அவன் மண்ணில் ஒரு மாடு செய்து கொண்டுவந்தான், கால் மூன்றுதான் இருந்தது. நான் நான்காவது காலை ஒட்டி, கொம்பையும் நேராக்கி அவன் கையில் கொடுத்தேன். “இது என் மாடு இல்லம்மா” என்று வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்புறம் ரொம்ப நாள் மண்ணைத் தொடவில்லை. அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தும் அதை அன்று நான் அறியவில்லை. இப்போது பேத்தி கிறுக்குகிற எதிலும் நான் ஒரு கோடு சேர்ப்பதில்லை.

புத்தகங்களைத் தகரப் பெட்டியில் வைத்து, காய்ந்த வேப்பிலையைப் போட்டு வையுங்கள். அந்துருண்டை வேண்டாம், பிள்ளை மிட்டாய் என்று எடுத்துவிடும். பின்னட்டையில் தேதியும் வயதும் எழுதி, பிள்ளையின் கையை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்து விடுங்கள். பேத்தியின் முதல் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம்தான் நிறைந்திருக்கிறது. பக்கம் முழுக்க நீலக் கிறுக்கல், அடியில் அவள் சொன்னபடி நான் எழுதியது: “இது மழ. ஆச்சி நனையுதா.”